ஸ்பீக்கரில் வந்த என் பெயர்

முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கண் முழுக்க சோப்பு நுரை. அப்போதுதான் தெருவில் என் பெயர் கேட்டது.

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, "தோ வரேன்" என்று பதில்கூடச் சொல்லிவிட்டேன். கூப்பிட்டது என்னை அல்ல, ஆண்டவரை. என்னைப் பற்றித்தான் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் கூம்பு ஸ்பீக்கர் வைத்து.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! எங்க சகோதரன் ஏசுபாதத்த உம்முடைய சமூகத்துல வைக்கிறோம் ஆண்டவரே! மூணாவது தெருவு, கடைசி ஊடு, பச்ச கதவு போட்ட ஊடு ஆண்டவரே! ஊருக்கெல்லாம் இடுப்பு வலின்னு சொல்லிக்கினு கீறாரே, அது இடுப்பு வலி இல்லன்னு உமக்குத் தெரியும் ஆண்டவரே! கிரேன் மேல ஏற பயம் ஆண்டவரே! ஏணியில கால வெச்சா காலு ஒதறுது ஆண்டவரே!"

ஒவ்வொரு 'ஆண்டவரே'வுக்கும் கூட்டம் 'ஆமென்' போட்டது. கண் எரிந்தது. ஆனால் நுரையைக் கழுவ வேண்டும் என்றே தோன்றவில்லை.

சமையலறையில் என் மனைவி ஜெயமணி சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வெந்து இறக்கிய சோற்றை ஒருத்தி கிளறுகிறாள் என்றால், திரும்பிப் பார்க்கப் பயப்படுகிறாள் என்று அர்த்தம்.

"நீ சொன்னியா?"

"ஜெபத்துக்காகத்தாங்க சொன்னேன்" என்றாள், கரண்டியைப் பார்த்துக்கொண்டே.

அது ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் பாதி வீடு தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறது. என் ஃபோர்மேன் பக்கத்துத் தெருவில் இருந்தார். அந்த ஸ்பீக்கரோ ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும். வாரக்கணக்காக நான் கட்டிக் காத்த ரகசியத்தை, வடை வேகிற நேரத்துக்குள் ஊருக்கே பந்தி வைத்துவிட்டார்கள்.

மேலே உட்கார்ந்திருக்கிற ஆள்

போன வாரம், உருக்காலையில் ஹெல்பராக நுழைந்த கதையைச் சொன்னேன். கிரேன் ஏறிய கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

ஷெட்டுக்குள் கூரையை ஒட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு இரும்புப் பாலம் ஓடும். அதுதான் கிரேன். அதன் ஓரத்தில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். கீழே இருக்கிற உலைச் சூடு முழுக்க மேலேதான் வந்து சேரும். கருகிய கிரீஸ் வாசனை சட்டையில் ஏறினால், ஜெயமணி எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. என் பையன் சின்ன வயதில் அதை 'அப்பா வாசன' என்பான்.

எனக்கு அந்தக் கூண்டு பிடித்திருந்தது. ஆரணிப் பக்கத்தில் ஒரு ஏக்கர் நிலம்கூட இல்லாத வீட்டிலிருந்து வந்தவன் நான். எங்கள் வம்சத்தில் இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சம்பாதித்தவன் கிடையாது. கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே சத்தத்தில் பேச்சு எடுபடாது. சிக்னல்மேன் கையைக் காட்டுவான், அதைப் பார்த்து நாம் ஓட்ட வேண்டும். என் சிக்னல்மேன் கன்னையா. ஆரம்பாக்கத்துப் பக்கம், வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். வருஷத்துக்கு ஒரு தரம் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வருவான். மேலிருந்து பார்க்கும்போது அந்த மொட்டைத் தலையை வைத்தே அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை ஷிப்டில், இரும்புக் கட்டைகளை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். இறக்குகிற இடத்தில் அடியில் வைக்கிற மரக்கட்டை கோணலாக இருந்தது. கன்னையா குனிந்து அதை நகர்த்திக்கொண்டிருந்தான். அப்போது கம்பி வடம் இழை இழையாகப் பிரிந்து அறுந்தது.

கட்டு சரிந்து, அவன் குனிந்திருந்த இடத்திலேயே விழுந்தது. ஷெட் முழுக்கத் தூசி. தூசி அடங்கியபோது கன்னையா சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. அவனுடைய தண்ணீர் பாட்டில் மட்டும் அப்பளமாகக் கிடந்தது.

எல்லாரும் "பொழச்சான், பொழச்சான்" என்று கத்தினார்கள். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் என் இரண்டு கைகள். லீவரின் மேல் அப்படியே நின்றுபோன கைகள். ஒருவன் என் கண் முன்னால் சாகப் போகிறான், நான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் ஏணியில் முதல் படியில் கால் வைத்தேன். முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடியது. இறங்கிவிட்டேன்.

எண்ணெய் தேய்த்த இடுப்பு

பயம் என்று சொன்னால் கிரேன் போய்விடும். அதனால் இடுப்பு வலி என்றேன். ஆலைகளில் இடுப்பு வலிக்கு ஒரு மரியாதை உண்டு. யாரும் உள்ளே புகுந்து பார்க்க முடியாது.

கீழே சில்லறை வேலை கொடுத்தார்கள். கன்னையா வருகிற வழியில் நான் போகவில்லை. அவனும் என்னைக் கண்டால் ஒதுங்கினான். ஒதுங்காமல் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

சபைக்குச் செய்தி போனது. எங்களுடையது சின்ன சபை, ஓடு போட்ட கட்டடம். ஆனால் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் வந்து நிற்பார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஒருவரையொருவர் திடப்படுத்த வேண்டும் என்பது போதகர் ஐயா விடாமல் சொல்கிற விஷயம். சோர்ந்தவனிடம் வாயைத் திறக்காதவன் விசுவாசியே அல்ல என்பார்.

எனவே திறந்தார்கள். மாலையில் ஒரு கூட்டம் வரும். "பயப்படாதே" என்று ஒருவர் தொடங்குவார். அவர் சொன்னது இடுப்புக்கு, எனக்குச் சுருக்கென்று குத்துவது வேறு இடத்தில். எண்ணெய்க்கு ஜெபம் பண்ணி என் இடுப்பில் அழுத்தித் தேய்ப்பார்கள். அதில் ஒரு பெரியவர் முன்னாள் பயில்வான். அவர் தேய்த்துவிட்டுப் போன பிறகு நிஜமாகவே இடுப்பு வலித்தது.

நல்ல மனிதர்கள். எனக்காகச் சொந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் இல்லாத நோய்க்கு ஆறுதல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு தனிமை கிடையாது. அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அந்தச் சனிக்கிழமை ஃபோர்மேன் கூப்பிட்டார்.

"இந்தா பாரு பாதம், இதுக்கு மேல என்னால முடியாது. திங்கக்கெழம கிரேன் ஏறு. இல்லாட்டி ஸ்கிராப் யார்டுக்குப் போயிடு. வேற ஆள ஏத்திட்டேன்னா அப்புறம் வந்து கிரேன கேக்கக் கூடாது."

ஸ்கிராப் யார்டு என்றால் மறுபடியும் ஹெல்பர். தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவது. வீட்டுக்கு வந்து ஜெயமணியிடம் உண்மையைச் சொன்னேன். அதுவரை அவளிடம்கூட இடுப்பு வலி என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் அன்றைக்கே போய் சாராள் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

விலாசம் சொல்லும் ஜெபம்

சாராள் அக்கா எங்கள் ஆலை கேன்டீனில் பரிமாறுகிறவர். சபையில் ஜெபக்குழுத் தலைவி. இரண்டு இடத்திலும் ஒரே குரல். கேன்டீனில் அவர் "சாம்பார்" என்று சொன்னால் ஸ்டோர் ரூமில் இருப்பவன் தட்டை எடுப்பான்.

அவருக்கு வார்த்தை ஒரு வரம். தட்டில் சோறு விழும்போதே ஒரு வார்த்தையும் விழும். "இன்னாடா மூஞ்சி தொங்குது, சரியாப் பூடும் துன்னு." "உன் பொண்ணு பாஸ் ஆயிடும், நான் சொல்லிட்டேன் ஆண்டவராண்ட." ஒடிசாவிலிருந்து ஒரு செக்யூரிட்டிப் பையன் வந்திருந்தான், தமிழ் ஒரு சொல் தெரியாது, ஊர் ஞாபகத்தில் சாப்பிடாமல் கிடந்தான். அக்கா தினமும் அவன் முன்னால் நின்று, அவன் அம்மா அவனை நினைத்துக்கொண்டிருப்பார் என்று தமிழில் அரை மணி நேரம் பேசுவார். அவனுக்கு என்ன புரிந்ததோ, சாப்பிடத் தொடங்கினான். பிறகு அவன் பேசிய தமிழ் முழுக்க அக்காவின் தமிழாக இருந்தது.

அக்காவின் ஜெபத்தில் ஒரு பழக்கம் உண்டு. சுற்றி வளைக்க மாட்டார். யார், எந்த வீடு, எந்த நோய், எந்த டாக்டர், அவர் என்ன மாத்திரை எழுதினார் எல்லாம் வரும். ஆண்டவர் தப்பான வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம். ஒரு தரம் போதகர் ஐயாவே சிரித்துக்கொண்டு, "சிஸ்டர், அவருக்குப் பின்கோடு வேணாம்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "நமக்குத் தெரிஞ்சத நாம சொல்லணும் ஐயா" என்றார்.

அந்த ஞாயிறு வீட்டுக் கூட்டத்துக்கு யாரோ ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். அக்கா கண்ணை மூடினால் மைக் இருப்பது எங்கே தெரியும்!

கூட்டம் முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யக்கா, இன்னா வேல பண்ணிட்ட நீ? நாளைக்கி நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேட்டுக்குள்ள போறது?"

"இன்னாடா பாதம், உனுக்காகத்தானே…"

"எனுக்காகவா? என் மானத்த நடுத்தெருவுல போட்டு ஒடச்சிட்டு எனுக்காகவாம்! இனிமே என்கிட்டயும் பேசாத, என்னப் பத்தியும் வாயத் தொறக்காத. ஆண்டவராண்டகூட."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது என்று நினைக்கிறேன். பாயை அக்குளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

கேன்டீனில் ஒரு சாட்சி

திங்கட்கிழமை விடிந்தது. விடியாமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

கேட்டில் ஒருவன், "இன்னா பாதண்ணே, ஆவி எறங்கிடுச்சா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபோர்மேன் தூரத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பேஜாராக இருந்தது.

ஷிப்டுக்கு முன்னால் நாஷ்டாவுக்குக் கேன்டீனில் உட்கார்ந்தேன். சாராள் அக்கா இட்லி வைத்தார், சட்னி ஊற்றினார், உதட்டை மடித்து இறுக்கிக்கொண்டு நகர்ந்தார். அவர் பேசாமல் வைத்த இட்லியை அதற்கு முன் நான் தின்றதில்லை.

எதிரில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். தலை நிமிராமலே அந்த மொட்டையைப் பார்த்தேன். கன்னையா.

"நைனா, நீ என் மேல கோவமா கீறன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான்.

"உன் மேல இன்னாத்துக்குக் கோவம்?"

"ரோப்பு கட்னது நான்தானே. பாத்துக் கட்டலன்னுதான் நீ மூஞ்சி குடுக்கலன்னு நெனச்சேன். நேத்து மச்சான் ஊட்டுக்கு வந்தேன், உங்க தெருவாண்டதான். ஸ்பீக்கர்ல கேட்டேன். அப்பதான் தெரிஞ்சிச்சி உனுக்கு பயம்னு. எதுக்கு நைனா பயம்?"

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. ஒளிக்க இனி என்ன இருக்கிறது என்று கொட்டிவிட்டேன்.

"எதுக்கா? நீ அடியில கீற, நான் பாத்துக்கினே சும்மா குந்தினு இருந்தேன்டா. கையி நவுரல. நீ பொழச்சது உன் நேரம். நாளைக்கி இன்னொருத்தன் அடியில நின்னா?"

கன்னையா இட்லியைக் கீழே வைத்துவிட்டான்.

"சும்மா குந்தினு இருந்தியா? அப்ப மணி அடிச்சது யாரு?"

"எந்த மணி?"

"எந்த மணியா! நான் குனிஞ்சிக்கினு கட்டைய நவுத்திக்கினு கீறேன். மேல பாக்கவே இல்ல. உன் மணி கேட்டுச்சி. ஏன்னு பாக்கல, எதுக்குன்னு பாக்கல, குதிச்சேன். மணி அடிக்கலன்னா நானேது, இந்த இட்லியேது?"

கிரேன் கூண்டில் காலடியில் ஒரு மணி உண்டு. மிதித்தால் அடிக்கும். கீழே இருப்பவர்கள் விலக வேண்டும் என்பதற்கு. நான் அதை மிதித்ததாக எனக்கு நினைவே இல்லை.

பக்கத்து பெஞ்சில் எலக்ட்ரீஷியன் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். பழவேற்காட்டுக்காரர், அநாவசியமாக ஒரு சொல் பேச மாட்டார். கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அடிச்சியா? நிறுத்தவே இல்லியேப்பா நீ! எல்லாம் முடிஞ்சி, அவன் எந்திரிச்சி நின்னு, அப்பவும் அடிச்சிக்கினே கீற. நான்தான் மேல வந்து உன் கால மணி மேலருந்து எடுத்து வெச்சேன். கல்லு மாதிரி அழுத்திக்கினு இருந்த."

அப்போது ஞாபகம் வந்தது. யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். என்னைக் கீழே இறக்கத்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

என் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாளும். காலை யார் பார்த்தார்கள்?

அழுதேன். கேன்டீனில், சட்னி கிண்ணத்துக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க அழுதேன். நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து போன மாதிரி இருந்தது. வெட்கமே இல்லை. வெட்கம்தான் முந்தின நாளே தெருவில் போய்விட்டதே!

கன்னையா பதறிப்போய், "நைனா, நைனா, எல்லாருக்கும் தெரியுமே இது. உனுக்குத் தெரியும்னுதான் யாரும் சொல்லல" என்றான்.

எங்கள் சபையில் சாட்சி என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று எழுந்து நின்று சொல்வது. இன்னொரு மனிதனைப் பற்றியும் சாட்சி சொல்லலாம், அவன் செய்ததை அவனிடமே சொல்லலாம் என்று எனக்குக் காட்டியது மொட்டை போட்ட கன்னையாவும் டீ குடித்த பாயும்தான். அதற்குப் பிறகு நானும் ஆறுதல் சொல்ல எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். "பயப்படாதே" என்று தொடங்குவதில்லை. அவன் செய்த எதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டுதான் படி ஏறுகிறேன். ஏதாவது ஒன்று கிடைக்காமல் போனதே இல்லை.

நிமிர்ந்தால், சாராள் அக்கா சட்னி வாளியோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாய் மட்டும் இறுகப் பூட்டியிருக்கிறது. அந்த ஜென்மத்துக்கு அது எத்தனை பெரிய உபவாசம் என்று எனக்குத் தெரியும். அவர் மட்டும் அன்றைக்கு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தாமல் இருந்திருந்தால், கன்னையா என்னிடம் வந்திருப்பானா?

"யக்கா," என்றேன். "பேசுக்கா. ஜெபம் பண்ணு."

அவ்வளவுதான். அணை உடைந்தது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ரெண்டாம் நம்பர் ஷெட்டு ஆண்டவரே! மஞ்ச கலரு கிரேனு ஆண்டவரே! ஏணி எடது பக்கம் கீது ஆண்டவரே! அந்தக் கால மணி மேல வெச்சவரு நீரு ஆண்டவரே! ரோப்ப மாத்திட்டாங்களான்னு நீரே பாத்துக்கும் ஆண்டவரே!"

முதலில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். எத்தனை நாளைக்குப் பிறகு! ஃபோர்மேன் வாசலில் வந்து நின்றார், என்ன நினைத்தாரோ ஹெல்மெட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆமென் சொல்லும்மா, சைரன் ஊதிட்டான்" என்றார்.

ஏணி

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முதல் படியில் முழங்கால் ஆடத்தான் செய்தது. ஆனால் ஆடுகிற காலை இப்போது எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் உட்கார்ந்திருந்தபோது வேலை செய்த கால் அது. ஆடட்டும் என்று ஏறினேன்.

கூண்டில் பல வாரத்துத் தூசி. துண்டால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். புது வடம் பளபளவென்று தொங்கியது. கீழே கன்னையா கட்டைச் சுற்றி வந்து, வடத்தை ஒன்றுக்கு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். விலகி நின்று கையை உயர்த்தினான்.

தூக்கினேன். பாலம் நகர்ந்தது. அவன் கை தாழத் தாழ, கட்டு இறங்கியது. மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தது. வடம் தொய்ந்தது. அப்போதுதான் மூச்சு விட்டேன், அத்தனை வாரத்து மூச்சையும் சேர்த்து.

கன்னையா நிமிர்ந்து மேலே பார்த்தான். சிரிப்பான், கட்டைவிரலைக் காட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் அடுத்த இரும்புக் கட்டைக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்கிற மாதிரி கையை வேகமாக ஆட்டினான்.